பழைய லேத் சீரமைப்பு: பெட் தேய்ந்திருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா?

கேள்வி, 09.06.2024, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து ஆறடி லேத் (கடைசல் எந்திரம்) ஒன்றை வாங்கி வீட்டின் பின்புறக் கொட்டகையில் இறக்கியிருக்கிறேன். எல்லா இடத்திலும் துரு. கம்பியைக் கடைந்தால் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் வருகிறது. பெட் (மற்ற பாகங்கள் மேலே நகரும் நீண்ட அடிப்பாகம்) தேய்ந்துவிட்டது, கிரைண்டிங் (சாணை பிடித்து மட்டமாக்குதல்) செய்யாமல் இந்த எந்திரத்தால் பயனில்லை என்கிறார்கள். முழுவதையும் கழற்றி, பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பி, பெயின்ட் அடித்து மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். இந்த வரிசை சரிதானா?

11.06.2024

சரியில்லை. கழற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். கழற்றிய பிறகு எந்திரம் எந்த நிலையில் தவறியிருந்தது என்பதற்கான சான்று உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

என்னிடம் இருப்பது நாலரை அடி லேத். பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தது. மைய உயரம் 165 மி.மீ. கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளுக்குத் தண்டும் புஷ்ஷும் கடைந்துகொண்டிருந்த கொட்டகை ஒன்றில் பல ஆண்டுகள் உழைத்தது. கொட்டகையை விற்றபோது பழைய இரும்பு எடைக்குப் போக இருந்ததை, கடந்த மார்ச் மாதம் வாங்கிக் குட்டி யானையில் ஏற்றித் திருப்பாதிரிப்புலியூருக்குக் கொண்டுவந்தேன். இறக்குவதற்குச் செயின் பிளாக்கும் மூன்று பைப் உருளைகளும் கடப்பாரையும் போதுமாக இருந்தன. ஆனால் ஹெட்ஸ்டாக் (கம்பியைச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கம்தான் எடை முழுவதும் இருக்கிறது என்பதை உணராமல் நடுவில் கயிறு கட்டினால் எந்திரம் கவிழ்ந்துவிடும். கேரேஜை (உளியைத் தாங்கி நகரும் பகுதி) டெயில்ஸ்டாக் (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) கோடி வரை தள்ளிப் பூட்டிய பிறகு, கயிற்றைச் சக்கின் (கம்பியைப் பிடித்துச் சுழலும் தாடை) பக்கமாக நகர்த்திக் கட்டுங்கள்.

எனக்கும் உங்களுக்குச் சொன்னதையே சொன்னார்கள். சக்கில் 20 மி.மீ. கம்பியை 150 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, டெயில்ஸ்டாக் துணையில்லாமல் ஒரே வெட்டில் கடைந்து இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தேன். வெளிமுனை 0.11 மி.மீ. பெரிதாக இருந்தது. பெட்டின் மேல் குறுக்காக மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக்கூடக் காட்டும் நுண்மட்டத்தை (குமிழ் மட்டம்) வைத்துப் பார்த்தபோது, ஹெட்ஸ்டாக் அருகே நடுவில் நின்ற குமிழ் டெயில்ஸ்டாக் கோடியில் ஓரத்திற்கே ஓடிவிட்டது. அதாவது பெட் முறுக்கிக்கொண்டிருந்தது. நான்கு கால்களையும் ஒழுங்கற்ற சிமென்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியதால் வந்த முறுக்கம் அது. வார்ப்பிரும்பு கல்லைப்போல் அசையாதது என்று நினைக்கிறோம். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்ற அளவில் பார்த்தால் அது பலகையைப்போல் வளைந்துகொடுக்கும்.

வெளிமுனை பெரிதாக வந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்துப் பின்காலைத் தகடு வைத்து உயர்த்த வேண்டும்.

13.06.2024

மேலே கடைசி வரியில் தவறாக எழுதிவிட்டேன். உயர்த்த வேண்டியது முன்கால், அதாவது இயக்குபவர் நிற்கும் பக்கத்துக் கால். கோடியில் முன்பக்கம் தாழ்ந்திருந்தால், அங்கே செல்லும் கேரேஜ் நம்மை நோக்கிச் சாய்கிறது. வெட்டுளி பெட்டுக்கு மேலே 165 மி.மீ. உயரத்தில் இருப்பதால், அந்தச் சாய்வில் அது மையக்கோட்டைவிட்டு வெளியே நகர்ந்து, குறைவாக வெட்டி, விட்டத்தைப் பெரிதாக்குகிறது. பின்காலை உயர்த்தியிருந்தால் தவறு இரட்டிப்பாகும். படித்துவிட்டு யாரேனும் தகடு வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

22.06.2024

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. 20 மி.மீ. கம்பியில் எடுத்த 0.11 என்ற அளவு எந்திரத்தின் பிழையை மட்டும் காட்டவில்லை. நெல்லிக்குப்பத்தில் வசிக்கும், நாற்பது ஆண்டுகள் டர்னராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சனிக்கிழமை வந்து பார்த்தார். கம்பியை விரலால் அழுத்திக் காட்டி, "இது வளையுதே, எதை அளந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். 150 மி.மீ. நீண்டிருக்கும் 20 மி.மீ. எஃகுக் கம்பியின் முனையில் ஐந்து கிலோ அளவுக்கு உளி அழுத்தினாலே, முனை ஏறக்குறைய 0.036 மி.மீ. விலகும், விட்டத்தில் அது 0.07 ஆகிறது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடுவதால், 50 மி.மீ. கம்பி இதைப்போல 39 மடங்கு விறைப்பானது.

ஆகவே 50 மி.மீ. கம்பியை எடுத்து, நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு இரு முனைகளிலும் அகலம் குறைந்த இரண்டு வளையங்களை மட்டும் நிற்கவைத்து, புதிதாகத் தீட்டிய உளியால், அளவுச் சக்கரத்தை இடையில் தொடாமல், மெல்லிய வெட்டில் இரண்டையும் கடைந்தேன். வித்தியாசம் 0.04 மி.மீ. இதுதான் உண்மையான பிழை.

இதற்கு எவ்வளவு தகடு? விட்டத்தில் 0.04 என்றால் ஆரத்தில் 0.02. என் பெட்டின் அகலம் 240, உளியின் உயரம் 165. ஆகவே 150 மி.மீ. நீளத்தில் முன்பக்கம் 0.029 தாழ்ந்திருக்கிறது. கால்களுக்கு இடையே 900 மி.மீ. இருப்பதால் அதை ஆறால் பெருக்க, 0.17 சொச்சம் வருகிறது. 0.10 பித்தளைத் தகடு இரண்டை முன்காலின் கீழ் வைத்து, போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்கி, ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் கடைந்தேன். வித்தியாசம் 0.005. கிரைண்டிங்குக்குக் கொடுக்க எடுத்துவைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது.

29.06.2024

முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டியது: மேற்சொன்ன சோதனைக்கு முன்பு ஸ்பிண்டிலின் (சக்கைச் சுழற்றும் தண்டு) ஆட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். நான் ஏப்ரலிலேயே செய்துவிட்டதால் எழுத மறந்தேன். டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) ஸ்பிண்டில் மூக்கின் மேல் வைத்து, சக்கின் கீழே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். எனக்கு 0.09 வந்தது. என் எந்திரத்தில் பேரிங் கிடையாது. பிளவுபட்ட கன்மெட்டல் புஷ்தான். மூடியின் இருபுறமும் இருந்த தகடுகளில் 0.05 உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்தபின் 0.04 ஆனது. அதற்குமேல் இறுக்கவில்லை, எண்ணெய்ப்படலம் நிற்க இடம் வேண்டும். ஒரு மணி நேரம் ஓடியபின் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கையை எடுக்கவைக்கும் சூடு ஆகாது. புஷ்ஷுக்குக் கிரீஸ் கூடாது, எண்ணெய்தான். உங்களுடையது உருளைப் பேரிங்காக இருந்தால் இந்த அளவுகள் உங்களுக்குப் பொருந்தா.

07.07.2024

துரு. இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள்.

பெட்டின் வழித்தடங்களில் எமரித் தாளோ உப்புத்தாளோ போடாதீர்கள். உதிரும் மணிகள் சாடிலுக்கு (கேரேஜில் பெட்டின் மேல் உட்காரும் பகுதி) அடியில் போய் உட்கார்ந்து, அதுவரை இல்லாத தேய்மானத்தை உண்டாக்கும். டீசலில் ஊறவைத்து, பித்தளைத் தகட்டின் ஓரத்தால் சுரண்டி, எண்ணெய்க்கல்லை எண்ணெயோடு இலேசாக ஓட்டினால், உயர்ந்து நிற்கும் துரு மட்டும் போகும். குழிகள் இருக்கும். இருக்கட்டும், சாடில் உட்கார்வது குழிகளின் மேல் அல்ல, குழிகளுக்கு இடைப்பட்ட மேட்டின் மேல்.

கழற்றக்கூடிய கைப்பிடிகள், பிராக்கெட்டுகள், சேஞ்ச் கியர்கள் (மரை வெட்ட மாற்றி மாட்டும் கியர்கள்) ஆகியவற்றை மின்பகுப்பில் இட்டேன். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், பத்து லிட்டருக்கு ஐந்தாறு மேசைக்கரண்டிச் சலவைச் சோடா, பழைய கார் பேட்டரி சார்ஜர். சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பொருளுக்கும், நேர்முனையைத் தூக்கிப்போடக்கூடிய சாதாரண இரும்புக் கம்பிகளுக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நீங்கள் காப்பாற்ற நினைத்த பொருள்தான் கரையும். ஒரு இரவில் துரு கருப்புச் சேறாக மாறி, பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிட்டது. ஹைட்ரஜன் வெளிவரும், ஆகவே மூடிய அறையில் செய்யாதீர்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. எடுத்த உடனே கழுவி, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். நம் ஊர்க் காற்றில் அரை மணி நேரம் விட்டால் மஞ்சள் படிந்துவிடுகிறது.

சாதாரண உப்பைச் சோடாவுக்குப் பதிலாகப் போட்டால் குளோரின் வரும். போடவே போடாதீர்கள்.

10.07.2024

நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு வைத்தால் கரையாமல் நீண்டநாள் வருமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை மிகுந்த வடிவில் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? அலுமினியம், துத்தநாக வார்ப்புப் பாகங்களையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். ஸ்பிரிங்குகளை நான் போடவில்லை. கடினப்படுத்திய எஃகு ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மை பெறும்.

18.08.2024

முறுக்கம் போனபின் தேய்மானம் எவ்வளவு மீதியிருக்கிறது என்று அளந்தேன். டெயில்ஸ்டாக் நகரும் உள்தடங்கள் பெரும்பாலும் தேயாமல் இருக்கும், ஏனென்றால் டெயில்ஸ்டாக்கை நாள் முழுதும் யாரும் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. காந்த அடியோடு டயல் கேஜைச் சாடிலின் முன்சிறகில் நிறுத்தி, முள்ளை அந்த உள்தடத்தில் வைத்து, கேரேஜை முழு நீளமும் ஓட்டினேன். சக்கிலிருந்து 80 முதல் 280 மி.மீ. வரையிலான பகுதியில் 0.06 தாழ்வு காட்டியது. எல்லா வேலையும் நடப்பது அந்த ஒரு சாண் இடத்தில்தான், ஆகவே இதில் வியப்பில்லை.

இந்த 0.06 கவலைக்குரியது அல்ல. உளி மையத்தைவிட 0.06 கீழே இறங்கினால் 25 மி.மீ. கம்பியின் ஆரத்தில் வரும் மாற்றம், தாழ்வின் இருபடியை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது: 0.00014 மி.மீ. மைக்ரோமீட்டரே காட்டாது.

25.08.2024

சென்ற வாரம் எழுதிய கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. ஒரு வாரமாக இது உறுத்திக்கொண்டே இருந்தது.

சாடில் இருபுறமும் சமமாக இறங்கினால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். லேத்தில் வெட்டுவிசை பெரும்பகுதியும் முன்பக்க வி-தடத்தின் மேல் விழுகிறது. பின்பக்கத் தட்டைத் தடம் அவ்வளவாகத் தேய்வதில்லை. டயல் கேஜைப் பின்சிறகுக்கு மாற்றி அளந்தபோது தாழ்வு 0.01 மட்டுமே. ஆகவே முன்பக்கம் 0.05 கூடுதலாக இறங்கிச் சாடில் நம் பக்கம் சாய்கிறது. 0.05 ஐ 165 ஆல் பெருக்கி 240 ஆல் வகுத்தால், உளி 0.034 வெளியே போகிறது, விட்டத்தில் 0.07 பெரிதாகிறது. நேராக இறங்கினால் ஒன்றுமில்லை, சாய்ந்தால் இவ்வளவு.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்தது. முன்பக்கத் தேய்மானம் சக்கின் அருகே விட்டத்தைப் பெரிதாக்கும். முறுக்கம், என் எந்திரத்தில் இருந்தது போன்றதானால், கோடியில் பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்றை ஒன்று மறைத்து, வளையச் சோதனையில் எந்திரம் நேர்த்தியாக இருப்பதாகவே காட்டும். என் 0.005 இல் எவ்வளவு அப்படி மறைந்திருக்கிறது என்று பார்க்க, நுண்மட்டத்தை மட்டும் நம்பிக் கால்களை மறுபடி சரிசெய்தேன். தகட்டை 0.25 ஆக்க வேண்டியிருந்தது. இப்போது வளையச் சோதனையில் சக்குப் பக்கம் 0.01 பெரிதாக வருகிறது. அது தேய்மானத்தின் கணக்கு, அதை வாங்கிக்கொள்கிறேன்.

இதற்காகக் கிரைண்டிங் செய்யலாமா என்று இப்போதும் கேட்டால், என் எந்திரத்துக்கு வேண்டாம் என்பேன். பெட்டில் 0.3 எடுத்தால் சாடில் 0.3 இறங்கும், அதோடு ஏப்ரனும் (கேரேஜின் முன்பெட்டி) அதிலுள்ள ஆஃப் நட்டும் (இரண்டாகத் திறந்து மூடும் நட்) இறங்கி லீட் ஸ்க்ரூவோடு (மரை வெட்டும்போது கேரேஜை இழுக்கும் நீண்ட திருகு) பொருந்தாமல் போகும், சாடிலின் அடியையும் ஸ்க்ரேப்பிங் (கையால் சுரண்டி மட்டமாக்குதல்) செய்து புதிய பெட்டோடு இணைக்க வேண்டும். ஒரு வேலை அல்ல, ஒன்றையொன்று இழுக்கும் ஐந்து வேலைகள். நாள் முழுதும் தண்டு கடையும் பட்டறைக்கு அது தேவை. மாதத்துக்கு நாலைந்து பொருள் செய்யும் எனக்கு, எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று சுவரில் எழுதி ஒட்டிவைத்தால் போதும்.

14.10.2024

ஆயுத பூசை முடிந்து மூன்றாம் நாள் துணியை விலக்கிப் பார்த்தால், பெட்டின் மேல் விரல் அளவில் மூன்று துருக்கோடுகள். ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்த இடங்கள். நறுக்கிய எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம் ஒன்று அரித்தே போயிருந்தது. வைத்தது நான்தான்; எந்திரத்துக்குப் பூசை செய்யாமல் இருக்க என்னால் முடியாது, என் தந்தையும் தறிக்குச் செய்தவர். இனி ஹெட்ஸ்டாக் மூடியின் பெயின்ட் அடித்த நெற்றியில் பொட்டு வைப்பேன். பழத்தை வாசற்படியில் நறுக்குவேன். பெயின்ட் வேலை எங்கே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இங்கேதான், எல்லாம் சரியான பிறகு.

20.10.2024

மோட்டார். பழைய மோட்டார் 1 குதிரைத்திறன், மும்முனை, 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு (மூன்று காயில்களும் ஒரு நடுப்புள்ளியில் சேர்வது). வீட்டில் ஒருமுனை 230 வோல்ட் மட்டுமே. ஒருமுனையை வாங்கி மும்முனையாகத் தரும் சிறிய டிரைவ் ஒன்றை வாங்கினேன். ஆனால் அது தருவது 230 வோல்ட் மும்முனை. ஸ்டாரில் இருக்கும் மோட்டாருக்கு அது போதாது, டெல்டாவாக (காயில்களை முக்கோணமாக இணைப்பது) மாற்ற வேண்டும். என் மோட்டாரில் மூன்று வயர்களே வெளியே இருந்தன. காயில் கட்டுபவர் ஒருவர் உள்ளே முடிச்சிட்டிருந்த நடுப்புள்ளியைப் பிரித்து ஆறு வயர்களாக வெளியே எடுத்துக் கொடுத்தார். இதை நீங்களே செய்ய முயலாதீர்கள். எர்த் இணைப்பைச் சரிபார்க்காமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய லேத்துகளில் சக் மரையால் ஸ்பிண்டிலில் முறுக்கி மாட்டியிருக்கும். டிரைவில் சட்டென்று நிறுத்தும்படி வைத்தால், ஸ்பிண்டில் நின்றுவிடும், சக்கின் உந்தம் நிற்காது. கழன்று வந்து விழும். நிற்கும் நேரத்தை ஐந்து விநாடிக்குக் குறைக்காதீர்கள். எந்திரத்தின் முன் வேட்டி, லுங்கி, தோளில் துண்டு வேண்டாம். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்காதீர்கள்.

08.12.2024

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் வீட்டுக்குள் நீர் வரவில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் கூரைச் சாரலும் உப்புக்காற்றும் கொட்டகைக்குள் நிறைந்திருந்தன. ஹைட்ராலிக் எண்ணெய் 68 பூசி மூடியிருந்த பெட்டில் முழுதும் மஞ்சள் படர்ந்துவிட்டது. கிரீஸைத் தடவி மெழுகுத்தாள் ஒட்டிவைத்திருந்த லீட் ஸ்க்ரூவும் சக்கும் அப்படியே இருந்தன. எண்ணெய் வேலை நாட்களுக்குச் சரி, மழைக்காலத்துக்குப் போதாது. தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியதும் தவறு: உள்ளே ஈரம் தங்கி, காலையில் வார்ப்பிரும்பின் மேல் வியர்த்து நின்றது. பருத்திப் போர்வை போட்டு, அடியில் ஒரு சிறு பல்பு எரியவிட்டால் இரும்பு காற்றைவிடச் சற்றே சூடாக இருந்து வியர்ப்பதில்லை. மின்சாரம் வந்ததிலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நீங்களும் கரையோரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் எந்திரம் எப்படியிருக்கிறது என்று எழுதுங்கள்.

12.01.2025

லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நான்கு மரை. எனக்கு வேண்டியது 1.5 மி.மீ. மரை. அங்குலம் 25.4 மி.மீ. ஆதலால் 127 பல் கியர் இருந்தால் துல்லியமாக வரும்: 30 பல் கியர் ஓட்ட, 127 பல் கியர் ஓடும். 127 பகா எண் என்பதால் சிறிய கியர்களைச் சேர்த்து அதைப் பெற முடியாது. என் பெட்டியில் அது இல்லை, இருந்தாலும் கியர் மூடிக்குள் அடங்காது. 63 பல் கியர் ஒன்று இருந்தது. 30, 63 இரண்டும் ஓட்ட, 80, 100 இரண்டும் ஓடும்படி மாட்டினால் பிழை பத்தாயிரத்தில் ஒன்றேகால், 100 மி.மீ. நீள மரையில் 0.0125 மி.மீ. நட்டுக்கு அது தெரியவே தெரியாது.

இப்படி வெட்டும்போது இடையில் ஆஃப் நட்டைத் திறக்கக் கூடாது, திறந்தால் பழைய தடம் கிடைக்காது. உளியைப் பின்னிழுத்துவிட்டு மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் திரும்ப வேண்டும். அக்டோபரில் எழுதிய சக் கழலும் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: மெதுவான வேகம், மெதுவான தொடக்கம்.

02.02.2025

நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தேன். 50 மி.மீ. கம்பி, வளையங்களுக்கிடையே 150, சக்குப் பக்கம் 0.03 பெரிது, நுண்மட்டத்தில் இரு கோடிகளுக்கும் வித்தியாசம் ஒரு பிரிவுக்குள். முறுக்கம் இல்லை. ஆகவே முன்பக்கத் தேய்மானமாகவோ, ஹெட்ஸ்டாக் திசை விலகியதாகவோ இருக்க வேண்டும். சாடிலின் முன்சிறகிலும் பின்சிறகிலும் டயல் கேஜை வைத்து, ஆகஸ்டு 18, 25 குறிப்புகளில் சொன்னபடி தனித்தனியே முழு நீளமும் ஓட்டி, 50 மி.மீ. இடைவெளியில் எண்களை எழுதி அனுப்புங்கள். இரண்டுக்குமான வித்தியாசம், அந்த 150 மி.மீ. இடத்தின் சக்குக் கோடியில் மறுகோடியைவிட 0.02 அளவுக்குக் கூடுதலாக இருந்தால் முழுக் கணக்கும் தேய்மானத்திலேயே அடங்கிவிடும். வித்தியாசமே இல்லையென்றால் ஹெட்ஸ்டாக்கின் அடியில் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, அங்கே அடைந்திருக்கும் இரும்புத்தூளைத் துடைத்துவிட்டு மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள். அதுவரை கிரைண்டிங்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.